வெளிச்சவீட்டுக்குப் பின்னால் நின்ற ஆண்பனை

பருத்தித்துறை வெளிச்சவீட்டைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் சிறுவயதில் நான் ஒரு பக்கத்தை நிரப்பிவிடுவேன். வெள்ளைக்காரர் கட்டியது, உயரமானது, கப்பல்களுக்கு வழிகாட்டுவது. சண்டையால் அதில் விளக்கு எரிவதில்லை என்பதை மட்டும் எழுதமாட்டேன். அதற்குப் புள்ளி கிடையாது.

தொண்ணூறாம் ஆண்டு குண்டுவீச்சுக்குப் பயந்து வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டினார்கள். எங்கள் வளவில் வெட்டித்தர அம்மாவின் தம்பி வந்தார். அப்பாவைப்போல மாமாவும் கடல்தொழில்தான். அப்பா முதல்நாள் மீன் சிக்குவதற்கான ஆறு கம்பிக்கூடுகளைக் கடலடியில் இறக்கிவிட்டு, இன்னும் கூடு பின்னக் கம்பி வாங்கச் சுன்னாகம் போயிருந்தார். கிடங்கு வெட்டியாயிற்று, மேலே அடுக்கப் பனங்குற்றி வேண்டும். வளவில் நின்ற நாலு பனைகளில் எதைத் தறிப்பது என்று மாமா கேட்டார். அம்மா வாய்திறக்குமுன் ஒன்பது வயதுப் பெண்ணான நான் முந்திக்கொண்டேன்.

"வேலிக்கரையிலை நிக்கிற ஆண்பனையைத் தறியுங்கோ மாமா. அது காய்க்காது."

என் கெட்டித்தனத்தை மாமா மெச்சினார். மரம் விழுந்தது, குருத்தை ஆசைதீரத் தின்றேன். பின்னேரம் திரும்பிய அப்பா சைக்கிளைப் பிடித்தபடி அடிக்கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். யார் சொன்னது என்று கேட்டார். நான்தான் என்றேன், பெருமையாக.

"ஓம், காய்க்காத மரம்தானே," என்றவர், மண்வெட்டியை எடுத்துக் குற்றிகளுக்கு மேல் மண் போடத் தொடங்கினார். எடுத்துவைத்த குருத்தை அவர் தொடவில்லை.

அடுத்த நாலு நாளும் வெறும் வள்ளத்தோடு வந்தார். கூடுகளை நீரோட்டம் இழுத்துப் போய்விட்டதாக அம்மாவிடம் சொன்னார். தேட நானும் வாறன் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றும், அப்பா கூட்டிப்போகவில்லை. அந்த மாதம் எங்கள் வீட்டில் மீன்குழம்பு அயல்வீட்டிலிருந்துதான் வந்தது. அப்பாவுக்கு மாமாவோடு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

வருடங்கள் கழித்து என் அண்ணை அப்பாவோடு தொழிலுக்கு இறங்கிய பிறகுதான், அவர் சொல்லி விஷயம் எனக்குத் தெரிந்தது. கூட்டுக்கு மிதவை கட்டினால் நேவிக்காரன் கண்ணிலும் கள்ளன் கண்ணிலும் படும். ஆகவே இடத்தைக் கரையைப் பார்த்தே பிடிப்பார்கள். கோயில் கோபுரம் ஒரு பக்கத்துக்கு அடையாளம். மற்றப் பக்கத்துக்கு, வெளிச்சவீட்டுக்கு நேர்பின்னால் எங்கள் ஆண்பனையின் தலை தெரியவேண்டும். பனை இல்லாவிட்டால் நேர்கோடு பிடிக்க வழியில்லை, வெளிச்சவீடு வெறும் தூண்தான். தன் இடத்தின் அடையாளத்தைத் தொழிலாளி யாருக்கும் சொல்வதில்லை, மச்சானுக்கும்கூட. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு அல்லவா? மரத்துக்காக அப்பா வாய்விட்டு அழுதிருந்தால் இடமும் வெளியே போயிருக்கும்.

இதொன்றும் தெரியாமல், பிளேன் வந்து பங்கருக்குள் பதுங்கும்போதெல்லாம் தலைக்கு மேலே இருந்த குற்றிகளைத் தட்டிக்காட்டி, "இது நான் சொன்ன மரம், என்னப்பா?" என்று கேட்பேன்.

"ஓம் பிள்ளை, நல்ல மரம்," என்பார். என் தலையைத் தன் மடிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொள்வார்.