துவக்கில் நான் அழித்த எழுத்து

ஆக்லாந்துக்கு வந்த பிறகு பழங்காலத் துவக்குகளில், அதாவது துப்பாக்கிகளில், எனக்குப் பைத்தியம் பிடித்தது. குழலின் வாய்வழியே வெடிமருந்து போட்டு இடிக்கும் துவக்கின் புதுப் பிரதி ஒன்றை வாங்கினேன். அசல் பழசு போலத் தெரிவதற்காக, குழலில் பொறித்திருந்த 'கரிமருந்து மட்டும்', அதாவது வேகம் குறைந்த பழைய வெடிமருந்து மட்டும், என்ற ஆங்கில எழுத்தை அரத்தால் அழித்தேன்.

"அதைச் சும்மாவோ போட்டவங்கள்?" என்று மனைவி கேட்டாள். சிரித்தேன்.

சுட்டுப் பழகும் திடலுக்கு என்னோடு வந்த அவள் தம்பி, தன் வேட்டைத் துவக்கின் நவீன வெடிமருந்தை என் துவக்குக்குள் கொட்டப் போனான். ஓடிப்போய்க் கையைத் தட்டிவிட்டேன்.

"குழல் தாங்காதடா, வெடிச்சுச் சிதறியிருக்கும்!"

"அதிலை ஒண்டும் எழுதியிருக்கேல்லையே, அத்தான்."



எழுத்தைத் திரும்பவும் பொறிப்பித்துவிட்டேன். இப்போது சுடப் போகும்போதெல்லாம் அவனைக் கூப்பிடுகிறேன்.

"வேலை இருக்கு, அத்தான்" என்கிறான்.