மூன்றாம் வாரத்துச் செல்கள்

உஸ்மா ஓர் அவசரக் குடுக்கை. நூம்பலில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலிக்குட்டியின் மூளைச் செல்களைத் தட்டில் வளர்ப்பது அவள் வேலை. செல்களுக்கு உணவு மாற்றும்போது மட்டும் பூனை மாதிரி நடப்பாள். மற்ற நேரமெல்லாம் வாய் ஓயாது. அந்த வாய்தான் வீட்டில் போய் உளறிவிட்டது.

அவள் தம்பி சாஹிலுக்கு வலிப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன். மெஷின் பக்கத்திலேயே விழுந்ததும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. நாங்கள் சோதித்த புது மருந்தோ, வலிப்பு போலத் துடிக்கவைத்த செல்களை அப்படியே அடக்கியது. "நம்ம சாஹிலுக்கு மருந்து வரப்போவுது" என்று இவள் சொல்லிவைக்க, அம்மா குல்ஷன் பூந்தமல்லியில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கம் கரண்டை நம்ப முடியாது. தட்டுகளை உடல் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் நின்றால் செல்கள் செத்துப்போகும். அதனால் சோதனையெல்லாம் முதல் வாரத்திலேயே முடித்துவிடுவோம். அதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டோம்.

போன மாதம் ஜெனரேட்டர் வந்தது. முதன்முறையாகச் செல்கள் மூன்றாம் வாரத்தைத் தொட்டன. கிளைவிட்டு, ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு, பார்க்கவே அழகாக இருந்தன. உஸ்மா அவற்றைத் துடிக்கவைத்து, மருந்தை விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. செல்கள் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தன. வேறு தட்டிலும் விட்டுப் பார்த்தாள், அதே கதைதான்.

காரணத்தை மனோகரன் சார் சொன்னார். அவர்தான் எங்கள் தலைவர். மருந்து போய் ஒட்டிக்கொள்ளச் செல்லின் மேல் ஏற்பி என்றொரு புரதம் வேண்டும். எங்கள் மருந்துக்கு ஏற்ற ஏற்பி இளம் செல்லில்தான் நிறைய. செல் முதிர முதிர அது குறைந்து, அந்த இடத்துக்கு வேறு வகை வந்துவிடுகிறது. ஏற்பிகள் மாறும் என்பது எங்களுக்கும் தெரியும்தான். மருந்து இவ்வளவு சுத்தமாகக் கைவிடும் என்று நினைக்கவில்லை. யாரைத் திட்டுவது? நன்றாக வளர்ந்த பாவத்துக்கு அந்தச் செல்கள்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"நீங்களும் ஊட்டுக்கு வாங்கக்கா. தனியா சொல்ல தைரியம் இல்ல" என்றாள் உஸ்மா. போனேன்.

குல்ஷன் டீயோடு வந்தார். "மருந்து எப்பம்மா வருது? எதிர் ஊட்ல கேட்டுகினே கீறாங்க."

உஸ்மா வாய் திறக்கவில்லை. அவள் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வேறு வழியின்றி நானே சொன்னேன்: "வளர்ந்த மூளைக்கு இந்த மருந்து கேக்காது போலம்மா. கொழந்தைங்களுக்கு வேணா உதவலாம். அதுவும் இன்னும் தெரியல."

சாஹில் சிரிக்கப் பார்த்தான். "இன்னாக்கா, நான் வளந்தது தப்பா?"

குல்ஷன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அவன் இன்னும் கொயந்தைதாம்மா. ஒரு தபா குடுத்துதான் பாரேன்."