துரைக்குப் போட்ட தரை

டைல்ஸ் மேஸ்திரிக்கு ஒரு பழக்கம். வேலை முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, போட்ட தரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்ப்பார். கால் சொல்வதுதான் அவருக்குத் தீர்ப்பு. காலமெல்லாம் மண்டியிட்டு வேலை செய்ததில் முட்டி இரண்டும் போனதுதான் மிச்சம்.

கணவர் இறந்தபின் மேஸ்திரியின் அக்கா தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். வந்த புதிதில் வாயே திறக்கவில்லை. வீடு மாறிப் போன யாரோ ஒரு இகுவானாவை அவள் தலையில் கட்டிவிட்டுப் போன பிறகுதான் பேச்சு திரும்பியது. பார்க்க ஓணானுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். கீரையைத் தவிர வேறு எதையும் மதிக்காது. அதனால் அக்கா வைத்த பெயர் துரை. விடிந்ததும் துரையிடம் பேச ஆரம்பிப்பாள், அதே சூட்டில் தம்பியிடமும் நாலு வார்த்தை பேசிவிடுவாள். அந்த நாலு வார்த்தைக்காகவே மேஸ்திரி துரையைத் தாங்கினார்.

துரையின் கூண்டில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. அது அவர் கண்ணை உறுத்தியது. ஊருக்கெல்லாம் தரை போடுகிறவன் வீட்டில் இப்படியா? செடி விற்கிற கடையில் மரப்பட்டைத் துண்டுகள் வாங்கிவந்து பரப்பினார். உள்ளங்காலை வைத்துப் பார்த்தார். மெத்தென்று இருந்தது.

"துரைக்கு ஏத்த மெத்தை!" என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

துரையோ தரையை நாக்கால் பார்க்கிறவர். கீரையோடு பட்டையும் உள்ளே போனது. சில நாளில் சாப்பாட்டை நிறுத்தினார், வயிறு கல்லானது, கழிவு வரவில்லை.

"பட்டை அடைச்சிக்கிச்சு. வாயில போற எதையும் அடியில போடாதீங்க, பேப்பரே போதும்," என்றார் கால்நடை மருத்துவர். "மருந்து தர்றேன். தினமும் வெதுவெதுப்பான தண்ணியில உட்கார வைங்க. அப்பவும் இளகலேன்னா பிழைக்கிறது கஷ்டம்."

அக்கா அன்றிலிருந்து துரையிடமும் பேசவில்லை, தம்பியிடமும் பேசவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால்கூட மேஸ்திரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் பட்டையை ஒரு துணுக்கு விடாமல் பொறுக்கினார். செய்தித்தாளை இடைவெளியில்லாமல் ஓரம் சேர்த்து விரித்தார். வேலைக்குப் போகுமுன் துரையைத் தண்ணீரில் உட்கார வைத்துவிட்டு, தாளில் கழிவு விழுந்திருக்கிறதா என்று கூண்டுக்கு முன் மண்டியிட்டுப் பார்ப்பதே வழக்கமானது.

ஒருநாள் காலையில் தாளின் நடுவில் கறுப்பாக ஒரு குவியல் கிடந்தது. அதில் பட்டைத் துண்டுகள் தெரிந்தன. எந்த மாளிகைத் தரையையும் அவர் அப்படி ஆசையாகப் பார்த்ததில்லை.

"அக்கா! போயிருக்கு! ஓடி வா!"

அக்கா வந்து குனிந்து பார்த்தாள். உள்ளே போய்க் கீரை கொண்டுவந்து தட்டில் வைத்தாள். துரை ஒரு இலையை இழுத்து மென்றார். மேஸ்திரி மண்டியிட்டபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிடா," என்றாள் அக்கா. "முட்டி வலிக்கப் போகுது."