அந்தப் பலகையை எடுத்தது நான்தான்

"குழந்தைகளோடு தஞ்சாவூர் வருகிறோம், எங்கெல்லாம் போகலாம்?" என்று மாதத்துக்கு நாலு பேராவது கேட்கிறீர்கள். இந்த வாரம் அதற்கு ஒரு முழு லிஸ்ட் தருவதாகத்தான் இருந்தேன். எழுதவும் ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் கை ஓடவில்லை. காரணத்தைச் சொல்லாமல் சமாளித்துப் பார்த்தேன்... முடியவில்லை. சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் விநாயகர் சதுர்த்தி லீவுக்குப் பெங்களூரிலிருந்து என் தம்பி குடும்பம் வந்திருந்தது. தம்பி வந்த அன்றே லேப்டாப்பும் கையுமாக மாடியில் உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி சுகன்யா, பெண்கள் யாழினி, இனியா — ஒன்பது வயது, ஆறு வயது — மூன்று பேருக்கும் நான்தான் கைடு. கேட்க வேண்டுமா? இந்த மண்ணில் பிறந்தவள் என்ற பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

முதல் நாள் பெரிய கோயில். புத்தியுள்ளவர்கள் காலை ஆறு மணிக்குப் போவார்கள், அல்லது வெயில் தாழ்ந்து போவார்கள். நான் பதினொரு மணிக்குக் கூட்டிப் போனேன். கல்தரை கொதித்தது. நந்தி மண்டபம் வரை பிள்ளைகள் குதித்துக்கொண்டேதான் வந்தார்கள். மறுநாள் காலை அரண்மனை. அங்கே ஆளுக்கொரு தலையாட்டி பொம்மை வாங்கிக் கொடுத்தேன். மாலை கல்லணை.

கல்லணையில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் நின்று பார்த்த சின்னவள் கேட்டாள்:

"அத்தை, இதுல எப்ப இறங்கலாம்?"

"இறங்கக் கூடாதுடா. ஆழம், இழுத்துட்டுப் போயிடும். அங்க பாரு, போர்டு வெச்சிருக்காங்க."

"அப்ப எதுக்கு ஆறு?"

சுகன்யா சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. காவிரிக்கரைக்காரியின் வீட்டுக்கு வந்த பிள்ளைகள், காலை நனைக்காமல் ஊர் திரும்புவதா?

மூன்றாம் நாள் ஒரு ஆட்டோவைப் பிடித்து, வெண்ணாற்றுப் பக்கம் எங்கள் அப்பா முன்பு குத்தகைக்கு நிலம் பார்த்த ஊருக்குக் கிளம்பினோம். ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். புளியோதரை, வடகம், துண்டு, மாற்றுத் துணி எல்லாம் பையில். ஊருக்கு வெளியே வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. முழங்கால் அளவுத் தண்ணீர், இரண்டு பக்கமும் நிழல். பிள்ளைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அரை மணி நேரம் நன்றாகத்தான் ஆடினார்கள். பிறகு பெரியவள், "ஃபால்ஸ் மாதிரி மேலேருந்து விழாதா அத்தை?" என்றாள்.

விழ வைக்க எனக்குத் தெரியும்.

அந்த வாய்க்காலிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் பிரிகிறது. பிரிகிற இடத்தில் மதகு. அதில் மூன்று மரப்பலகைகளைச் செருகித் தண்ணீரை நிறுத்தியிருப்பார்கள். எந்த நாள் எந்தப் பக்கம் பாய வேண்டும் என்று ஊரில் முறை உண்டு. முறையில்லாத நாளில் பலகையைத் தொடக் கூடாது. இது டெல்டாவில் நடை பழகும் பிள்ளைக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன்.

'கொஞ்ச நேரம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?' என்று இரண்டு பலகைகளை உருவிவிட்டேன். தண்ணீர் அந்தப் பக்கம் தொபதொபவென்று விழுந்தது. பிள்ளைகள் அதற்கடியில் போய் நின்று கத்திய கத்தல் இருக்கிறதே... நானும் நின்றேன். சுகன்யா வீடியோ எடுத்தாள். 'எங்க ஊரு குற்றாலம்' என்று போட்டு அதை ஃபேமிலி குரூப்பில் அனுப்பினேன். ஒரு மணி நேரம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. பிறகு பலகைகளைச் சரியாகச் செருகிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம்.

பாதிச் சாப்பாட்டில் வரப்பு வழியாக ஒரு பெண் வந்தாள். முழங்கால் வரை சேறு. முப்பத்தைந்து வயது இருக்கலாம். மதகைப் பார்த்தாள், குனிந்து சின்ன வாய்க்காலைப் பார்த்தாள். அப்புறம் எங்களிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க ரொம்ப நேரமா இங்க இருக்கீங்களா?"

"ஆமாம்மா."

"இந்தப் பலகையை யாராச்சும் எடுத்தாங்களா? பாத்தீங்களா?"

என் கையில் வடகம். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லையேம்மா, பார்க்கலையே. நாங்க டவுன்லேருந்து வந்தோம்."

மூன்று நாளாக மண்ணின் மகள் என்று மார்தட்டியவள், ஒரு நொடியில் டவுன்காரி ஆகிவிட்டேன்.

"அதானே, உங்களுக்கு இதெல்லாம் எங்கக்கா தெரியப்போவுது" என்று அவள் பெருமூச்சு விட்டாள். "காலையிலதான் நாத்தங்கால்ல முளைகட்டின விதையைத் தெளிச்சேன். தண்ணி ஏறி, வரப்புக்கு மேல போயிருக்கு. விதை பூரா ஒரு மூலையில அள்ளிக் கொட்டுன மாதிரி கெடக்கு. இனிமே விதை வாங்கி, ஊறவெச்சு, முளைகட்டி, எப்ப தெளிச்சு எப்ப நடுறது? ஊர்ல எல்லாரும் நட்டு முடிச்சிருப்பாங்க."

அவள் பெயர் வசந்தா. புருஷன் சிங்கப்பூரில் கட்டட வேலை. இங்கே குத்தகை நிலத்தை இவள் ஒருத்தியாகப் பார்க்கிறாள். இதையெல்லாம் அவளே சொன்னாள். யார் செய்திருப்பார்கள் என்பதையும் அவளே சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரோட தம்பிதான். மாணிக்கம். மேல் வயல் அவங்களோடது. பலகையை எடுத்தா முதல்ல அங்கதானே பாயும்? நாலு வருசம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்து, இந்த ஆடியிலதான் எம்மவ காதுகுத்துக்கு வந்து உக்காந்து சாப்புட்டுட்டுப் போனாரு. ஒரு மாசம் பொறுக்கலை பாருங்க."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. சுகன்யா டிபன் பாக்ஸை மூடுவதில் மும்முரமாக இருந்தாள். யாழினி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் கேட்டாள். "அத்தை, நாமதானே எடுத்தோம்?"

"அவங்க கேட்டது வேற பலகைடா" என்றேன்.

ஒரு பொய்யைக் காப்பாற்றக் குழந்தையிடம் இன்னொரு பொய். இரண்டு நாள் கழித்து ரயில் ஏறும்போது, "அந்த ஆன்ட்டிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மறுபடி கேட்டாள். வேற பலகை கதையை அவள் நம்பவே இல்லை. "சொல்லிட்டேன்" என்றேன். ரயில் நகர்ந்தபோது அவளுக்குக் கையாட்டவே எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளைகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதாக நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் பார்ப்பது ஊரை மட்டுமா?

ஸ்டேஷனிலிருந்து நேராக பஸ் ஏறினேன்.

வசந்தா நாற்றங்காலில்தான் இருந்தாள். ஒதுங்கிய விதையைக் கையால் அள்ளி அள்ளிப் பரப்பிக்கொண்டிருந்தாள். பாதி அழுகல் வாடை. நான் வந்த விஷயத்தைச் சொல்வதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"நான் சொன்னேன்லக்கா, அவருதான். முந்தாநாள் சாயங்காலமே வீட்டு வாசல்ல போயி நின்னு கேட்டுட்டேன். நான் எடுக்கலைன்னாரு. ஆனா பாருங்க, நேத்து காலையில ஆள் விட்டுச் சொல்றாரு, எங்க நாத்துல பாதியை எடுத்து நட்டுக்கன்னு. தப்பு பண்ணாத ஆளு எதுக்கு நாத்து தர்றாரு?"

அந்த மனிதர் காட்டிய இரக்கத்தையே அவருக்கு எதிரான சாட்சியாக்கி வைத்திருக்கிறேன் நான்.

வரப்பிலேயே நின்று சொன்னேன். நான்தான் எடுத்தேன் என்றேன், தெரிந்தே எடுத்தேன் என்றேன், நீ கேட்டபோது பொய் சொன்னேன் என்றேன். விதைக்கு ஆகிற செலவை நான் தருகிறேன் என்றும் சொன்னேன்.

அவள் கையில் இருந்த விதையைப் பரப்பி முடித்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"விதை கெடக்குதுக்கா, வாங்கிக்கலாம். வாசல்ல நின்னு, ஊரு கேக்க, 'அண்ணன் சோத்துல மண்ணப் போட்டவன்'னு கத்திட்டு வந்திருக்கேன். அதை நீங்க வந்து அள்ளித் தருவீங்களா?"

அவர் வீட்டுக்கு வழி கேட்டேன். சொன்னாள்.

மாணிக்கம் மோட்டார் கொட்டகையில் ஹோஸைக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஹோஸைக் கீழே போட்டார். முகம் கறுத்துப்போனது நன்றாகவே தெரிந்தது. நல்ல அடி விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"புள்ளைங்க நல்லா குளிச்சாங்களா?" என்று கேட்டார்.

திட்டியிருந்தால், இதை எழுதியிருக்கவே மாட்டேன்.