ஜீப்பில் ஏறியவர்கள்

கல்லூரியில் முப்பது வருஷம் ஆய்வுமுறை பாடம் நடத்தினேன். பள்ளிக்கு வந்த பிள்ளைகளை மட்டும் பார்த்துவிட்டு, ஊரில் காய்ச்சலே இல்லை என்று எழுதிய ஒருவரின் கதையை வருஷந்தோறும் சொல்வேன். வகுப்பே சிரிக்கும்.

ஏலத்தோட்டத்தில் அடிக்கும் பூச்சிமருந்தால் காய் எடுக்கும் பெண்களுக்கு மூச்சிரைப்பு வருகிறதா என்று என் மாணவி ஆராய வந்தாள். சிலமலை என்ற ஊரிலிருந்து தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் பட்டியல் எடுத்து, ஒரு வருஷம் வீடுவீடாகப் பின்தொடர வேண்டும் என்றாள். சரியான முறை அதுதான். எனக்கோ ஓய்வுபெற ஆறு மாதமே இருந்தது. ஆய்வேட்டில் என் கையெழுத்து இருக்க வேண்டுமே! "ஒரு நாள் காலையில் போடியில் தோட்டத்துக்கு ஜீப்பு ஏறுகிறவர்களைக் கேட்டால் போதும்" என்றேன்.

நானும் கூடப் போனேன். நாங்கள் கேட்ட எல்லாரும் நன்றாக இருந்தார்கள். கடைசியாக ஏறிய பெண் எங்கள் படிவத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏன் சார், இழுப்பு வந்தவ வீட்டுல கெடக்கா. அவ எப்படி ஜீப்பு ஏறுவா? வெரசா சிலமலைக்குப் போய்க் கேளுங்க."

ஜீப்பே சிரித்தது. மாணவி என்னைப் பார்த்தாள்.

"நேரமாச்சு, அடுத்த ஜீப்பைப் பாரும்மா" என்றேன்.

ஆய்வுக்குப் பாராட்டுக் கிடைத்தது. பிறகு, மருந்தடிக்கும் நாளில் முகக்கவசம் வேண்டும் என்று கேட்ட பெண்களிடம் தோட்ட முதலாளிகள் அந்த ஆய்வேட்டைத்தான் எடுத்துக் காட்டினார்களாம். மருந்தால் யாருக்கும் எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. கீழே என் கையெழுத்தும் தெளிவாக இருந்தது. முகக்கவசம் இன்னும் வரவில்லை.