வேர்வை நின்றுபோன வெல்டர்

இப்படி ஒருத்தன் சுருண்டு விழுவான் என்று சித்திரை பிறந்ததிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இன்று மதியம் அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் ஒரு வெல்டர் தம்பி தள்ளாடி நின்றான். தொட்டால் தோசைக்கல்.

"இன்னா நைனா, ஒடம்பு சரியில்லயா?"

"தல சுத்துது அண்ணாத்தே. காலைல ஊத்துன வேர்வ நின்னுபோச்சு. சூடு கொறஞ்சிடுச்சி போல."

"கொறயல நைனா. வேர்வ வந்து காஞ்சாதான் ஒடம்பு ஆறும். நீ தண்ணி தீந்த ரேடியேட்டர் மாரி கீற. உக்காரு!"

உட்காரவில்லை, சரிந்தான். கூட்டம் வேடிக்கை பார்த்தது.

"முப்பது வருஷம் ஆஸ்பத்திரில வேல பாத்தவன் சொல்றேன், மேல தண்ணி ஊத்துங்கப்பா! ஆம்புலன்ஸ கூப்பிடுங்க!"

உடனே ஆளுக்கொரு பாட்டிலோடு ஓடிவந்தார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது தம்பி கண் திறந்தான்.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன், எனக்கே முடியவில்லை.

ஒன்று மட்டும். நான் வேலை பார்த்தது ஆஸ்பத்திரியில் இல்லை, ஃபேக்டரி கேன்டீனில். என் கையால் சாப்பிட்டவர்கள் கமென்டில் கொஞ்சம் பார்த்துப் பேசவும்.