இடது பக்கம் திரும்பினால் ஹார்ன்

என் அக்கா வீட்டுக்காரரை எல்லோரும் டெஸ்ட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கார்களில் கரண்ட் வேலை பார்ப்பவர். ஒயரோடு கூடிய சின்ன டெஸ்ட் லைட் ஒன்று எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். சாப்பிடும்போதாவது கழற்றுங்கள் என்று அக்கா பதினாறு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். ஷெட்டின் முன்பாதி அவருக்கு, பின்பாதி கார் சீட் தைக்கும் எனக்கு. அதனால் மாமாவின் பெருமை, சிறுமை இரண்டையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கும் பாக்கியம் எனக்கு உண்டு.

வண்டி வந்ததும் மாமா பானெட்டைத் திறக்க மாட்டார். ஓட்டுகிறவரை ஸ்டூலில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். எப்போது நடந்தது? மழையிலா, வெயிலிலா? பக்கத்தில் யார் இருந்தார்கள்? போலீஸ்காரர்கூட இப்படிக் குடைய மாட்டார். "அவங்க சொல்ற காரணம் தப்பா இருக்கலாம் மாப்ள. நடந்துச்சுன்னு சொல்றது தப்பா இருக்காது" என்பார். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்குகிறது என்று ஒரு பல் டாக்டர் வந்தார். மூன்று இடங்களில் அவரைப் பார்த்துச் சிரித்து அனுப்பியிருந்தார்கள். மாமா சிரிக்கவில்லை. பின்விளக்கில் துருப்பிடித்திருந்த எர்த் இணைப்பைச் சுரண்டி, அரை மணியில் சரி செய்துவிட்டார். முடித்ததும் அட்டையில் காரணம் எழுதுவார். பாதி அட்டைகளில் 'முன்பு வேலை பார்த்தவரின் அலட்சியம்' என்றிருக்கும். அதை எழுதும்போது மட்டும் கையெழுத்து முத்து முத்தாக விழும்.

இந்த நியாயமெல்லாம் ஊருக்குத்தான், வீட்டுக்கு இல்லை.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நாற்றுப் பண்ணை ஒன்றில் செடி கொண்டுபோகும் வேன் ஓட்ட ஆள் கேட்டார்கள். லைசென்ஸ் வாங்கிவிட்டால் மறுநாளே சேரலாம். ஆனால் வீட்டுக் காரில் டெஸ்ட்டுக்குப் போய் இரண்டு முறை தோற்றுவிட்டாள். இடது பக்கம் திருப்பினால் ஹார்ன் அலறும். அதிகாரி முதல் தடவை முறைத்தார், இரண்டாம் தடவை இறங்கச் சொல்லிவிட்டார். வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று அவள் சொன்னதற்கு, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் மாமா, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் ஓட்டினா அடிக்கலையே? உன் கைதான் படுது" என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்போதே ஒரு பதில் வாய்வரை வந்தது. மாமா முறை என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

மூன்றாவது டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா காரை ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். நேராக ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

"மெக்கானிக் சார், வண்டில ஒரு கம்ப்ளெயின்ட்."

மாமா என்னைப் பார்த்தார். நான் ஊசியில் நூல் கோக்கிற பாவனையில் குனிந்துகொண்டேன்.

"என்ன விளையாட்டு இது?"

"வர்ற கஸ்டமர்கிட்ட இப்படித்தான் பேசுவீங்களா? நிறையக் கேள்வி கேப்பீங்கன்னு சொன்னாங்க. கேளுங்க."

சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. "நாளைக்கு டெஸ்ட். எனக்கே என் கை மேல சந்தேகமா இருக்குங்க. ரெண்டு விரல்ல ஸ்டியரிங்கைப் பிடிக்கிறேன். தூக்கத்துலகூட கையைத் தள்ளி வச்சுக்கிறேன்."

மாமா அட்டையை எடுத்தார், பேனாவைத் தேடினார், காதில்தான் இருந்தது.

"எப்போ அடிக்குது?"

"இடது பக்கம், முக்கால் வட்டம் திருப்பினதும்."

"வலது பக்கம்?"

"இல்ல."

"சீட்டு எங்க இருக்கும்?"

"எனக்குக் கால் எட்டுமா? நல்லா முன்னாடி இழுத்துப் போட்டுத்தான்."

மாமாவின் பேனா நின்றது. அவர் ஆறடி ஆள். காரில் ஏறினால் முதல் வேலை சீட்டைப் பின்னால் தள்ளுவதுதான்.

அன்றுதான் சீட்டைத் தொடாமல் ஏறினார். முழங்காலுக்கும் முகவாய்க்கும் நடுவில் ஸ்டியரிங் மாட்டிக்கொள்ள, மடக்கின குடை மாதிரி உட்கார்ந்து இடது பக்கம் திருப்பினார். ஹார்ன் ஷெட்டே அதிர அலறியது. கை பட்டனுக்குப் பக்கத்தில்கூட இல்லை. மறுபடி திருப்பினார், மறுபடி அலறியது. முழங்காலை இறக்கினார், நின்றது.

தரையில் மல்லாந்து ஸ்டியரிங்கின் அடிமூடியைக் கழற்றினார். ஹார்னுக்குப் போகும் ஒயரில் ஒரு ஒட்டு. சுற்றின டேப் காய்ந்து நகர்ந்து, உள்ளே செம்பு பளபளத்தது. ஒயரைப் பிடித்து வைக்க கிளிப்பே இல்லை, தொங்கிக்கொண்டிருந்தது. குள்ளமான ஆள் ஓட்டினால் முழங்கால் மூடியை மேலே தள்ளும், மூடி ஒயரைத் தள்ளும். இடது பக்கம் முக்கால் வட்டத்தில் ஸ்டியரிங் தண்டின் போல்ட் அந்தச் செம்பில் உரசி ஹார்னை அலற வைக்கும்; வலது பக்கம் திருப்பினால் டேப் இருக்கிற பக்கம்தான் படும். கூடம் நிஜமாகவே கோணல்தான்.

"இந்த லட்சணத்துல ஒட்டுப் போட்டவன் எவன் மாமா?" என்று கேட்டேன். தெரியாமல் ஒன்றும் கேட்கவில்லை. போன வருஷம், 'வீட்டு வண்டிதானே, கிளிப் அப்புறம் போட்டுக்கலாம்' என்று அவர் சொன்னபோது டார்ச் பிடித்தவனே நான்தான்.

மாமா ஒட்டைப் புதிதாகப் போட்டார், உறை மாட்டினார், ஒன்றுக்கு மூன்றாகக் கிளிப் அடித்தார். பிறகு அட்டையில் வழக்கமான அந்த வரியை எழுதி, அடியில் தன் பெயரையும் எழுதி அக்காவிடம் நீட்டினார். அக்கா படித்தாள். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "சரி, நாளைக்குப் பாக்கலாம்" என்று காரை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் டெஸ்ட் மைதானத்தில் நானும் இருந்தேன். கடையை மூடிவிட்டுப் போனேன், அக்கா விஷயமாயிற்றே. முதல் திருப்பத்தில் அவள் இன்னும் விரல் நுனியில்தான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். மாமா என் தோளை நசுக்கினார். சத்தமில்லை. இரண்டாவது திருப்பத்தில் அவளுடைய உள்ளங்கை முழுதாக ஸ்டியரிங்கில் பதிந்தது. அதற்கப்புறம் வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

அதிகாரி இறங்கி, தாளில் 'பாஸ்' என்று எழுதினார். "இந்தத் தடவை நல்லாக் கத்துக்கிட்டு வந்திருக்கீங்கம்மா" என்றார்.

மாமா வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"அவ மொதல்லயே நல்லாத்தான் ஓட்டினா சார்," என்றார், கடைசி ஆள்வரை கேட்கிற மாதிரி. "ரெண்டு தடவையும் ஃபெயிலானது நான்தான்."

அக்கா வண்டியை விட்டு இறங்கவில்லை. எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "ஏறுங்க, போலாம்" என்றாள். மாமா ஏறினார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். வாசலில் அவள் இடது பக்கம் திருப்பினாள்.